ஆயுத பூஜைக்குத் துடைத்த கண்ணாடி

என் கை சும்மா இருக்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நோயாகவும் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். கூட்டத்தில் உட்கார வைத்தால் பேனாவைக் கழற்றி ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டுக் கடையில் காத்திருக்கச் சொன்னால் மேசையில் இருக்கிற டிஷ்யூவையெல்லாம் மடித்துத் தீர்த்துவிடுவேன். சிக்னலில் கார் நின்றால் டேஷ்போர்டைத் துடைப்பேன். "ஒரு நிமிஷம் ஒன்னால சும்மா ஒக்கார முடியாதா?" என்று வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் கேட்டுக்கொண்டே இருந்தார். முடியாது என்று புரிந்த பிறகு கேட்பதை விட்டார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். மலேசியாவில், ஜொகூர் பாருவுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் லேசர் ஆய்வுக்கூட உதவியாளர். கண்ணாடிகளும் லென்ஸுகளும் நிறைந்த அறை. எதைத் தொட்டாலும் விரல் ரேகை பதியும், ரேகை பதிந்த இடத்தில் லேசர் பட்டால் கண்ணாடி கருகும். வேலைக்குச் சேர்ந்த அன்றே, "முதலில் எதையும் தொடாமல் இருக்கப் பழகு" என்றார்கள். நான் கையுறையைப் போட்டுக்கொண்டு துடைக்கப் பழகினேன். அதற்கு முன் ஆறு வருஷம் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில், கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்புக்குள், சிலிக்கான் தட்டுகளைக் கழுவும் பிரிவில் இருந்தவள் நான். தூசி என்றால் எனக்கு விரோதி. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி துடைக்க என்னை விட்டால் ஆள் கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லச் சொல்ல எனக்கும் தலைக்கு ஏறிவிட்டது.

எங்கள் லேசர் ஓர் அறையை அடைக்கும் அளவுதான். வெளிநாட்டில் இதே வேலைக்குப் பந்துத் திடல் போன்ற கட்டடங்கள் இருக்கின்றன. அங்கே பல ஒளிக்கற்றைகளை ஒரே நொடியில் ஒரு மிளகளவு உருண்டையின் மேல் பாய்ச்சி, எல்லாப் பக்கமிருந்தும் நசுக்கி, உள்ளே இருக்கும் ஹைட்ரஜனை ஒன்றோடொன்று சேர வைக்கப் பார்க்கிறார்கள். நசுக்குவது எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பிசைந்த மாவை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விரலிடுக்கில் பிதுங்கி வருமே, அந்தக் கதை அங்கே நடக்கக் கூடாது. லேசர் என்றால் ஒரே சீராக வரும் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குவித்துப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும். நடுவில் ஒரு கொதிப்பு, ஓரத்தில் இரண்டு கொதிப்பு, இடையில் ஒன்றுமில்லை.

அந்தக் கொதிப்பைக் கலைத்துச் சமப்படுத்துவதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பாடு. அதற்கு லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு வைப்பார்கள். தகட்டின் மேல் கடுகளவுச் சதுரங்கள், ஆயிரக்கணக்கில். சில மேடு, சில பள்ளம். எது மேடு எது பள்ளம் என்பதில் ஒழுங்கே இருக்காது, பூவா தலையா போட்டுப் பார்த்த மாதிரி. மேட்டின் உயரம் மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். மேட்டின் வழியாக வருகிற ஒளி, பக்கத்துப் பள்ளத்தின் வழியாக வருகிற ஒளியைவிடச் சரியாக அரை அலை பிந்த வேண்டும். அப்படிப் பிந்தினால் பெரிய கற்றை ஆயிரம் சின்னக் கற்றைகளாக உடைந்து, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஒரு திட்டாகப் பரவிவிடும். உயரம் தப்பினால் நடுவில் பழைய கொதிப்பு பிழைத்துக்கொள்ளும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் கழுத்தைப் பிடித்தது இதுதான்.

திட்டிலும் பொடிப்பொடியாக மினுமினுப்பு மிச்சமிருக்கும். அதற்கு வேறொரு வித்தை உண்டு. ஒளியின் நிறத்தை மயிரிழை அளவு விரித்து, அந்தப் பொடிகளை ஓயாமல் இடம் மாற வைப்பார்கள். எதுவும் ஓரிடத்தில் நிற்காததால் மொத்தத்தில் சமமாகிவிடும். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நிலைகொள்ளாத ஒன்று உலகத்தில் எதற்காவது உதவுகிறதே என்று இருந்தது.

தகட்டைச் செய்தவள் யோங் பெங் என்கிற ஊர்ப் பெண். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை, அம்மா அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறார். கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிறு திருப்பலிக்குப் போவதும் சனிக்கிழமை மாலையிலேயே போய் முடித்துக்கொள்வதும் வேலையைப் பொறுத்து. அந்த ஆய்வுக்கூடத்தில் தமிழ் பேச எனக்கு அவள், அவளுக்கு நான். என்னை அக்கா என்பாள். நான் பேனாவைப் பிரிப்பதைப் பார்த்தால் பேசாமல் ஒரு ரப்பர் பேண்டை நீட்டுவாள். இது கழன்று ஓடாது என்பாள்.

அவளுக்கு மூன்று முறை காலத்தை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த முறைதான் கடைசி. அந்த மாதக் கடைசிக்குள் சமமான ஒளித் திட்டின் படங்கள் அவள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. ஐந்து வருஷம் படித்ததற்கு ஒரு தாள்கூட இல்லாமல் யோங் பெங் பஸ் ஏற வேண்டியதுதான். புரோஃப் என்று நாங்கள் கூப்பிடும் மேற்பார்வையாளர், ஒரு மலாய் அம்மா, அவளுக்காக மேலிடத்தில் கெஞ்சாத குறை. இனி கேட்க முடியாது என்று அவளிடம் சொல்லியே விட்டார்.

தகடு ஒன்றே ஒன்றுதான். முதலில் கண்ணாடியையே அமிலத்தால் அரித்து மேடு பள்ளம் செய்வதாகத் திட்டம். அந்த அமிலத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் கண்ணாடியின் மேல் ரெசிஸ்ட் என்கிற பிசினை மெல்லிசாகப் பூசி, வேண்டாத இடத்தில் கரைத்துவிட்டு, மிச்சமிருக்கும் பிசினையே மேடாக வைத்துக்கொள்வது என்று ஒரு கூட்டத்தில் முடிவானது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். குறிப்பேட்டில் என் கையெழுத்துகூட இருக்கிறது. ஆனால் காதில் விழவில்லை. பேனா ஸ்பிரிங் மேசைக்கு அடியில் ஓடிவிட்டது, குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆக, என்னைப் பொறுத்தவரை அது அமிலத்தில் அரித்த கண்ணாடி. எத்தனை முறை துடைத்தாலும் ஒன்றும் ஆகாத கண்ணாடி.

ரெசிஸ்ட் அசிட்டோனில் கரையும். சிங்கப்பூரில் ஆறு வருஷம் நான் வாங்கின சம்பளமே, அசிட்டோன் ஊற்றி அந்த ரெசிஸ்டைக் கழுவியதற்குத்தான்.

அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அந்த வருஷம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. லேசரைச் சுடுவது ஞாயிறு காலை என்று குறித்திருந்தார்கள். வியாழன் மத்தியானம் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நான் வீட்டுக்குப் போயிட்டு ஞாயித்துக்கெழம காலையிலேயே வந்துர்றேன். பிளேட்டு அந்தப் பெட்டியில இருக்கு. தூசி மட்டும் படாம பாத்துக்குங்க."

"நீ போம்மா. தூசியப் பத்தி எங்கிட்டயா சொல்ற? நான் பாத்துக்கிறேன் லா."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். நானும் எழுந்து கையுறையை மாட்டினேன்.

என் அப்பா கோத்தா திங்கியில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆலையில் இருக்கிற ஸ்பேனர் எல்லாவற்றையும் டீசல் துணியால் துடைத்து, வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு வைப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் கற்பூரம் ஏற்ற முடியாது, புகை லென்ஸுக்கு ஆகாது. அதனால் பூஜை என்றால் எனக்குத் துடைப்பதுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பொருள் விடாமல் துடைப்பேன். கடைசியில் லேசரின் மின்பெட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சந்தனப் பொட்டு. புரோஃபுக்குத் தெரியும். ஒன்றும் சொன்னதில்லை, பொரியும் கடலையும் எங்கே என்றுதான் கேட்பார்.

அந்த வாரம் இரண்டு நாள் குளிரூட்டி பழுதாகிக் கிடந்தது. ஜொகூர் ஈரத்தில் இரண்டு நாள் போதும், லென்ஸில் பூசணம் பிடித்துவிடும். எனக்கு அந்தப் பயம் மனசில் அரித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்து, அவள் பெட்டியையும் திறந்தேன். திறக்க வேண்டியதே இல்லை. தூசி படாமல் பார்த்துக்கொள்வதற்குச் சிறந்த வழி, திறக்காமல் இருப்பது. அது யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை.

தகட்டின் மேல் மங்கலாக, லேசான பழுப்பில், தேமல் படர்ந்த மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருந்தால் சதுரங்கள் தெரிந்திருக்கும். சாய்த்துப் பார்க்கவில்லை. இன்னும் பதினாறு கண்ணாடி பாக்கி, பொழுது போய்க்கொண்டிருந்தது. 'அலமாக், இதிலும் பிடித்துவிட்டதே, ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெண் என்ன செய்யும்' என்று நிஜமாகவே அவளுக்காகப் பதறினேன்.

லென்ஸ் தாளை மடித்து, நுனியில் இரண்டு சொட்டு அசிட்டோன் விட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே திசையில் இழுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. ஒரு இழுப்புக்கு ஒரு தாள். நான்கு தாளில் தகடு கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுத்தமாகிவிட்டது. பூசணம் இவ்வளவு லேசில் போகாது. வட்டமாகத் தடம் விட்டுவிட்டுத்தான் போகும். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். அன்றைக்கு என் கைராசியை நானே மெச்சிக்கொண்டு, தகட்டைப் பெட்டியில் வைத்து மூடி, அடுத்த லென்ஸை எடுத்தேன்.

ஞாயிறு காலை தகட்டை எடுத்துப் பொருத்தியதும் நானேதான். அது என் வேலை. லென்ஸுக்கு முன்னால் மூன்று ஊசிகளுக்கு நடுவில் உட்கார வைத்துத் திருகை முறுக்கினேன். அவள் கணினிக்கு முன்னால் நின்றாள். புரோஃப் அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மின்பெட்டியில் மின்சாரம் ஏறி, சத்தம் கேட்டு, கேமராவில் படம் வந்தது.

திட்டு இல்லை. நடுவில் வெள்ளையாக ஒரு கொதிப்பு, ஓரத்தில் இரண்டு.

இன்னொரு முறை சுட்டோம். அதே படம். மூன்றாவது முறையும் அதே. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. புரோஃப் மெதுவாக மலாயில், உயரத்தை மறுபடியும் பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கண்டிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

"ரெண்டு மடங்கு போட்டுட்டேன் போலக்கா," என்றாள் என்னிடம். அரை அலைக்குப் பதில் முழு அலை பிந்தினால், பிந்தியதே தெரியாது. இரண்டு ஒளியும் மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். தகடு இருந்தும் இல்லாத மாதிரிதான். படம் அப்படியே அதைச் சொன்னது. "ஒயரத்த மெஷின்ல அளந்தேனே. அப்ப சரியாத்தானே இருந்துச்சு. மெஷினு தப்பா, நான் போட்ட கணக்கே தப்பா?"

தகட்டைக் கழற்றிப் பார் என்று யாரும் சொல்லவில்லை. கழற்றினால் மறுபடி நேர்ப்படுத்த ஒரு நாள் பிடிக்கும். தவிர, தகட்டில் கோளாறு இருக்கும் என்று அவளுக்கு ஏன் தோன்ற வேண்டும்? அதைப் பார்த்துக்கொண்டது நான் அல்லவா.

மத்தியானம் கையைக் கழுவும்போதுதான் எனக்கு அந்தப் பழுப்பு ஞாபகம் வந்தது. பூசணம் சாம்பல் நிறம். வியாழக்கிழமை என் தாளில் ஒட்டினது பழுப்பு. குப்பைத் தொட்டியை இழுத்துக் கவிழ்த்தேன். நாலு தாளும் இருந்தன. அந்த நிறத்தை ஆறு வருஷம், நாளுக்கு எட்டு மணி நேரம் பார்த்தவள் நான். தாள்களை அங்கி பாக்கெட்டில் திணித்துக்கொண்டு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம். அதைவிடப் பெரியது வெட்கம். ஒன்றும் தெரியாதவள் துடைத்திருந்தால் அது விபத்து. இந்த ஊரிலேயே அந்தப் பிசினை முகர்ந்து பார்த்துச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான், நான் துடைத்தேன். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் அழுதுகொண்டிருந்தாள், காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

திங்களும் செவ்வாயும் என் கால் தரையில் பாவவில்லை. சுருள் சுருளாகக் கிடந்த கம்பிகளையெல்லாம் நிறம் பிரித்துக் கட்டினேன். திருகாணிகளை அளவு வாரியாக டப்பாக்களில் போட்டேன். ஜன்னல் சட்டத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அவள் ஒரு மூலையில் ஐந்து வருஷக் கணக்கைப் பரப்பி வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து போட்டாள். ஒரே கணக்கை ஏழெட்டு விதமாகப் போட்டாள். ஒவ்வொரு முறையும் விடை அதேதான் வந்தது, சரியான விடை. அது சரி என்று அவளால் இப்போது நம்ப முடியவில்லை. எங்கேயோ ஓர் இடத்தில் தப்பு ஒளிந்திருக்கிறது, தனக்கு அதைப் பார்க்கக்கூட அறிவு இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். நான் அவள் மேசைக்குப் பக்கத்தில் போவேன், வார்த்தை வாய் வரை வரும், மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்பி வருவேன்.

செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். கடைசித் துண்டு வரை தடவி முடித்தார்.

"சும்மா இரு, சும்மா இருன்னு கல்யாணமானதுலருந்து சொல்லிப் பாத்தேன். நீ இருக்கல. இப்ப மூணு நாளா இருக்க," என்றார்.

"நாளைக்குச் சொல்லிடுவேன்."

"என்கிட்ட என்னாத்துக்குச் சொல்ற?" என்று மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதால் வந்த கோபம்.

புதன் காலையிலும் சொல்லவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அவளே வந்தாள். லார்க்கின் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டாள். மழை பிடித்துக்கொண்டது, ஸ்கூடாய் சாலையில் கார்கள் ஊர்ந்தன. அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு தாள்.

"என்னாம்மா அது?"

"படிப்புலருந்து நின்னுக்கிறேன்னு லெட்டர்க்கா. ரத்து பண்றதுக்கு முன்னால நானே நின்னுக்கலாம்னு. அம்மாகிட்ட நேர்ல சொல்லிட்டு நாளைக்குப் புரோஃப்கிட்ட குடுத்துருவேன்."

கார் நகரவில்லை. நான் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி டியூஷன் சொல்லிக் குடுக்கக் கேட்டாங்க," என்றாள் வெளியே பார்த்தபடி. "ஃபார்ம் த்ரீ பிள்ளைங்களுக்கு, பதினஞ்சு வயசுப் பசங்களுக்குக் கணக்கு. முடியாதுன்னு சொல்லிட்டேன். எனக்கே தெரியாதத எப்படிக்கா சொல்லிக் குடுக்கறது?"

அவள் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை என்று சொல்வது போலச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவளுடைய தகட்டை அழித்துவிட்டேன் என்று. தகடு நாலு தாளோடு போனது. மற்றதை மூன்று நாளாக நான் வாயை மூடிக்கொண்டு அழித்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் தொடச்சேன்," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"வியாழக்கெழம. ஒன் பிளேட்ட. பூசணம்னு நெனச்சு அசிட்டோன் போட்டுத் தொடச்சிட்டேன். அதுல ஒண்ணுமே இல்லம்மா இப்ப. வெறும் கண்ணாடி. நீ சுட்டதெல்லாம் வெறும் கண்ணாடியிலதான் சுட்ட."

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. முன்னால் இடம் விட்டிருந்தது, நான் போகவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அப்ப என் கணக்கு சரியாக்கா?"

"சரிதாம்மா. ஆரம்பத்துலருந்து சரிதான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமான குரலில் கேட்டாள்.

"எப்பக்கா தெரியும் ஒங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான், இன்று காலைதான் என்று சொன்னால் நம்பியிருப்பாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம்."

அவள் விரலை மடக்கி எண்ணவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"இன்னிக்குப் புதன்கெழமக்கா," என்றாள்.

அடுத்த வளைவில் காரைத் திருப்பினேன். திருப்பச் சொல்லி அவள் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போய் அவளே தகட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

புரோஃப் கத்தவில்லை. விபத்துப் படிவத்தை எடுத்து என் முன்னால் போட்டார். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. சம்பவம் நடந்தது எப்போது, தெரியவந்தது எப்போது, தெரிவித்தது எப்போது. வியாழன், ஞாயிறு, புதன் என்று நிரப்பினேன். புரோஃப் படித்துப் பார்த்தார். முதல் கட்டத்தைத் தாண்டி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் விரலை வைத்து, இதுக்கு என்ன பதில் என்று மலாயில் கேட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தப் படிவத்தை இணைத்து மேலிடத்துக்கு அனுப்பினதில் அவளுக்கு இன்னும் மூன்று வாரம் கொடுத்தார்கள். தப்பு மாணவியுடையது இல்லை, ஊழியருடையது என்று எழுத்தில் இருந்ததால் கொடுத்தார்கள்.

புதிய தகட்டை அவள் தனியாகச் செய்தாள். நான் உதவிக்கு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று நல்லபடியாகத்தான் சொன்னாள். பிசின் பூசும் அறைக்கு வெளியே நின்று, வெள்ளை வெளிச்சம் ஆகாத பிசினுக்கு மஞ்சள் விளக்கைப் போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். பொருத்தியதும் அவளே. மூன்றாவது வாரம், கேமராவில் படம் வந்தபோது நடுவில் கொதிப்பு இல்லை. ஒரு திட்டு, முழுசாக, பொடிப்பொடியாக மினுமினுத்துக்கொண்டு. நிறத்தை விரித்ததும் அந்த மினுமினுப்பும் அடங்கியது. புரோஃப் அவளைக் கட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, மின்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அவள் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "அம்மா, வந்துருச்சும்மா" என்றாள்.

பட்டம் வாங்கிவிட்டாள். இப்போது அதே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளராக இருக்கிறாள். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வருவாள், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் யோங் பெங் போவோம். அவள் அம்மா என் தட்டில் கோழிக்கறியை அள்ளி வைப்பார். அன்றைக்கு நடந்தது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அக்கா என்றுதான் இன்றும் கூப்பிடுகிறாள். கோபம் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ போச்சுக்கா," என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள், அது முகத்தில் தெரிந்தது.

ஆனால் ஒவ்வொரு முறையும், எல்லாம் தயாராகி, மின்பெட்டி ஏறத் தொடங்கும் முன், கணினியிலிருந்து திரும்பி ஒரு கேள்வி கேட்பாள். கிண்டலாக இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. கதவு பூட்டியிருக்கிறதா, விளக்கு அணைத்தாயிற்றா என்று கேட்பது போலத்தான் கேட்பாள்.

"அக்கா, நீங்க எதையும் தொடலையே?"

"இல்லம்மா," என்பேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, எழுந்து போய்த் தகட்டைப் பார்த்துவிட்டு வருவாள்.